கஃபீல்: பொறுப்பேற்பவரா, பிடித்து வைப்பவரா?

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என ராமநாதபுரம் கடலோரத்தில் எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் காதில் விழும் சொல் 'கஃபீல்'. "கஃபீல் தங்கமான ஆளு" என்பார் ஒருவர். "என் கஃபீல் எக்ஸிட் அடிக்க மாட்டேங்குறான்" (ஊருக்குத் திரும்ப அனுமதி தரமாட்டேன் என்கிறான்) என்பார் இன்னொருவர். வளைகுடாவில் கடைவேலை பார்த்தவரும் சொல்வார், அங்கே விசைப்படகில் மீன்பிடிக்கப் போனவரும் சொல்வார்.

சொல் அரபு. வேர் க-ஃப-ல. பொறுப்பேற்றல், ஜாமீன் நிற்றல், ஆதரித்து வளர்த்தல் என்று பொருள் விரியும். மர்யமை ஸக்கரிய்யா நபி பொறுப்பேற்று வளர்த்ததைக் குர்ஆன் இந்த வேரிலிருந்து வந்த சொல்லால்தான் சொல்கிறது. அநாதைக்குப் பொறுப்பானவரைக் குறிக்கும் 'காஃபில்' என்பதும் இதே வேர்தான். அப்படிப்பட்ட சொல், வளைகுடா நாடுகளின் 'கஃபாலா' முறையில் வேறு வாழ்க்கைக்குப் போனது. வெளிநாட்டுத் தொழிலாளியின் விசாவும் தங்கும் உரிமையும் உள்ளூர் ஆள் ஒருவரின் பெயரில் கட்டப்பட்டன. அந்த ஆள்தான் கஃபீல்.

தமிழில் இதைச் சிலர் 'புரவலர்' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. புரவலர் கொடுப்பவர், பாரி மாதிரி. 'முதலாளி' என்பதும் பொருந்தாது, ஏனென்றால் கஃபீல் ஒருவராகவும் வேலை வாங்குபவர் வேறொருவராகவும் இருப்பது சகஜம். 'பிணையாளர்' என்பதே சரி. பிணை என்றால் ஜாமீன், பிணைத்தல் என்றால் கட்டுதல். இந்த முறையின் இரண்டு முகமும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

கட்டு எப்போது சுரண்டலாகிறது? அங்கே இருக்கும் மகனிடம் இகாமா (தங்கும் அனுமதி) அட்டையின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அதில் கஃபீலின் பெயர் இருக்கும். இகாமா முடியும் தேதியையும் கேளுங்கள். அட்டையில் உள்ள பெயர் ஒன்று, வேலை நடப்பது இன்னொருவரிடம் என்றால் அது ஊரில் 'ஃப்ரீ விசா' என்று விற்கப்பட்ட சரக்கு. தேதி முடிந்திருந்தால் மகன் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடப் பயப்படுவான். பாஸ்போர்ட் யார் கையில்? 1967 பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து, கஃபீலின் பீரோவில் பூட்டி வைக்க அவருக்கு உரிமை இல்லை. "சம்பளம் கடைசியில் மொத்தமா தருவாங்க" என்பது, "ஹுரூப் போட்டுடுவேன்" என்ற மிரட்டல் (ஓடிப்போனவன் என்று புகார் கொடுப்பது), எப்போது போன் செய்தாலும் பக்கத்தில் யாரோ நிற்பது: இவையெல்லாம் சேர்ந்து வந்தால் வெறும் சம்பளத் தகராறு என்று விட்டுவிட முடியாது.

அதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் ஆள்கடத்தல். வாயைக் கட்டி வண்டியில் தூக்கிப்போட்டால்தான் கடத்தல் என்றில்லை. ஏமாற்றியோ மிரட்டியோ ஆள் சேர்த்துச் சுரண்டினால் போதும். அவரே சம்மதித்து விமானம் ஏறியிருந்தாலும் குற்றம் குற்றமே என்கிறது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு. கத்தார் 2020இலும் சவுதி 2021இலும் கஃபாலாவின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தின. ஆனால் சவுதியின் அந்தச் சீர்திருத்தத்தில் வீட்டுவேலைப் பெண்களும் வீட்டு டிரைவர்களும் சேரவில்லை.

திரும்பி வந்தவரிடம் "எவ்வளவு கொண்டுவந்தே?" என்று முதலில் கேட்காதீர்கள். ஏஜென்டுக்குக் கட்ட வாங்கிய கடனின் வட்டி அவர் தலையில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும். நடந்ததை அவர் சொல்லும்போது கேளுங்கள், வருகிற உறவினருக்கெல்லாம் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். ஒப்பந்தம், விசா நகல், ஏஜென்டின் வாய்ஸ் மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்க வேண்டாம். பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கு மேல் வாங்கியிருந்தால் அந்த ரசீதே சாட்சி. இன்னும் அங்கே சிக்கியிருப்பவருக்காக வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் குடும்பத்தினரே புகார் பதியலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100.