சமூக ஆவணகம்: சொல் விளக்கம்

‘ஆர்க்கைவ்’ என்ற சொல்லுக்கு மூலம் கிரேக்க ‘ஆர்க்கேயோன்’. ஆட்சியரின் அலுவலகம் என்று பொருள். அரசு ஏடுகள் அங்கேதான் இருந்தன. தமிழில் ஆவணக் காப்பகம், சுருக்கமாக ஆவணகம். பெரியபுராணத்தில், சுந்தரர் தம் அடிமை என்று முதியவர் காட்டும் ஓலையை, காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு அவையோர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆவணகத்தின் பயன் இந்த ஒப்பீட்டில்தான் தெரியும்.

‘கம்யூனிட்டி ஆர்க்கைவ்’ என்பதைச் சமூக ஆவணகம் எனலாம். எதைச் சேர்ப்பது, யார் பார்ப்பது என்பதில் அந்தச் சமூகத்துக்கே முதல் உரிமை. அமெரிக்கச் சீனர்களுக்கு இது ஏன் அவசியம்? அமெரிக்காவின் 1882 சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்தது. 1906 நிலநடுக்கத் தீயில் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்தபின், ‘இங்கேயே பிறந்தேன்’ என்று சொல்லிப் பலர் குடியுரிமை பெற்றார்கள். அவர்களுடைய பிள்ளைகள் என்ற பெயரில் வேறு வீட்டுப் பையன்கள் வந்தார்கள். இவர்களே ‘காகித மகன்கள்’. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவுக் குடியேற்ற நிலையத்தில் (1910–1940), வந்தவர் உண்மையான பிள்ளைதானா என்று அறிய, அதிகாரிகள் ஊரில் கிணறு எந்தப் பக்கம், வீட்டுக்கு எத்தனை சன்னல் என்றெல்லாம் துருவினார்கள். அந்தக் கோப்புகளில் பல இன்று சான் புருனோவிலுள்ள தேசிய ஆவணகத்தில் இருக்கின்றன. காகித மகனைப் பொறுத்தவரை அவற்றில் இருப்பது காகிதப் பெயர். உண்மைப் பெயர் வீட்டாருக்குத்தான் தெரியும். அதைக் கேட்டுப் பதிய வீட்டருகே உள்ள பொது நூலகமே தகுந்த இடம். நியூயார்க் நகரின் குயின்ஸ் பொது நூலகமும் குயின்ஸ் கல்லூரியும் 2010-இல் தொடங்கிய ‘குயின்ஸ் மெமரி’ இவ்வகைத் திட்டம்.

பெரும்பாலும் பிழை நேர்வது பெயரில். சீன மொழி வழக்குகளில் உச்சரிப்பு மாறும்: குடும்பப் பெயராக வரும் ஒரே எழுத்து மாண்டரினில் சென், கான்டனீசில் சான், ஹொக்கியனில் டான். ஒருவரை அழைக்கும்போது பெயருக்கு முன்னால் ஒட்டும் ‘ஆ’வையே குடும்பப் பெயராக எழுதிவைத்த பதிவுகளும் உண்டு. எனவே சீன எழுத்து, சொந்தக்காரர் உச்சரிக்கும் வடிவம், காகிதப் பெயர் மூன்றுக்கும் பட்டியலில் தனித்தனிக் கட்டம் வேண்டும். ஒன்றாகச் சேர்த்துவிட்டால் பேரன் தேடும்போது தாத்தா கிடைக்க மாட்டார்.

பேட்டியை அவரவர் பேச்சுவழக்கிலேயே எடுக்க வேண்டும். தென்சீனத்தின் தோய்சானிய மொழி பேசும் மூதாட்டியை மாண்டரினில் கேட்டால் பதில் சுருங்கிவிடும். ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் சுருக்கப்படாத வேவ் கோப்பு. ஒற்றைத் தடத்தில் மணிக்குச் சுமார் 500 எம்பி ஆகும். இடம் மிச்சம் என்று எம்பி3-இல் மட்டும் எடுத்தால் இழந்த ஒலி திரும்பாது. படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) டிஃப் கோப்பு. பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்யலாம். பின்புறக் கையெழுத்தையும் விடக்கூடாது.

ஒப்புதல் படிவத்தில், காகிதப் பெயர் வரும் பகுதியை இன்ன ஆண்டுவரை மூடிவைக்கக் கோரும் வரி அவசியம். பதிவு முடிந்த அன்றே கையெழுத்து வாங்க வேண்டும். தள்ளிப்போட்டு, பேசியவர் காலமாகிவிட்டால், வாரிசுகளைத் தேடிச் சம்மதம் பெறும்வரை அந்தக் குரலைப் பிறருக்குக் கேட்கத் தருவது சிக்கலாகிவிடும்.