கடல் நிற்கப்போவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

அட்லாண்டிக் நீரோட்டம் 2025-க்கும் 2095-க்கும் இடையில் நிலைகுலைந்துவிடும் என்று 2023-ல் ஓர் ஆய்வு வந்ததே, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்று நிற்கப்போவதை எப்படிச் சொல்கிறார்கள், ஜோசியம் மாதிரி இருக்கிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாதி நியாயமான கேள்வி. தேதி குறிப்பதில் எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் ஆபத்து நெருங்குகிறதா என்று பார்க்கும் முறை அசல் இயற்பியல்.

அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். வெப்பமான உப்பு நீர் வடக்கே போய், குளிர்ந்து, கனத்து, மூழ்கி, ஆழத்தில் தெற்கே திரும்புகிறது. நொடிக்குச் சுமார் 1.7 கோடி கன மீட்டர். மூழ்குவதற்கு வேண்டிய உப்பைக் கொண்டுவருவதே இந்த ஓட்டம்தான். கிரீன்லாந்துப் பனி உருகி நன்னீர் கலந்தால் கடல்நீர் லேசாகி மூழ்குவது குறையும், ஓட்டம் தளரும், வரும் உப்பும் குறையும், அதனால் இன்னும் தளரும். ஓர் எல்லையைத் தாண்டினால் நன்னீர் வரத்தைக் குறைத்தாலும் ஓட்டம் சுலபத்தில் பழையபடி ஆகாது. இதைத்தான் டிப்பிங் பாயின்ட் என்கிறார்கள். கடலியலாளர் ஹென்றி ஸ்டோமல் 1961-லேயே, கடலை வெறும் இரண்டு பெட்டிகளாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கில் இதைக் காட்டிவிட்டார்.

சரி, எல்லை நெருங்குவது எப்படித் தெரியும்? திடகாத்திரமான ஆள் சளி பிடித்தால் இரண்டு நாளில் எழுந்துவிடுவார். உடம்பு உள்ளுக்குள் தளர்ந்தவருக்கு அதே சளி இரண்டு வாரம் இழுக்கும். கடலும் அப்படித்தான். காற்றும் மழையும் அதைச் சதா தட்டிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு தட்டலிலிருந்தும் மீள எவ்வளவு காலம் எடுக்கிறது என்பதுதான் நாடித்துடிப்பு.

இதை எண்ணில் பார்த்தால் இன்னும் அழகு. ஓர் ஆண்டில் ஓட்டம் சராசரியிலிருந்து விலகும் விலகலில் 0.3 பங்குதான் அடுத்த ஆண்டுக்குத் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்: மூன்றே ஆண்டுகளில் அது 0.03-க்குக் கீழே போய்விடும். தங்கும் பங்கு 0.8 ஆனால்? மூன்று ஆண்டு கழித்தும் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். பழைய தட்டல் ஆறுவதற்குள் புதுத் தட்டல் வந்து மேலே உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து வரும் தட்டல்கள் துளியும் மாறாமலே, ஏற்ற இறக்கத்தின் பரவற்படி (விலகல்களின் வர்க்கச் சராசரி) சுமார் இரண்டரை மடங்காகிவிடும்! எல்லையை நெருங்க நெருங்க அந்தப் பங்கு ஒன்றை நோக்கிப் போகும். ஆக, சராசரி பெரிதாக மாறாதபோதும், நினைவும் (அந்தத் தங்கும் பங்கு) தள்ளாட்டமும் (ஏற்ற இறக்கம்) சேர்ந்து கூடுகின்றனவா என்று பார்த்தால் போதும். எனக்கு இந்தக் கணக்கு எத்தனை முறை போட்டாலும் அலுக்காது.

ஆனால் நம்மிடம் இருப்பது ஒரே ஒரு பூமி, அதைக் கவிழ்த்துப் பார்த்து முறையைச் சோதிக்க முடியாது. அதற்குத்தான் காலநிலை மாதிரிகள், அதாவது பூமியின் கடலையும் காற்றையும் கணினிக்குள் கணக்காக ஓட்டிப் பார்ப்பவை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முழு அளவிலான மாதிரிக்குள் வட அட்லாண்டிக்கில் நன்னீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். மாதிரியின் கணக்கில் 1,750 ஆண்டுகள் தாண்டியதும் ஓட்டம் சரிந்தது. அப்புறம் பதிவைப் பின்னோக்கிப் புரட்டி, சரிவதற்கு முன் எது மாறியது என்று தேடினார்கள். அவர்கள் நம்பகமானது என்று கைகாட்டியது, தெற்கே 34 டிகிரி அட்சரேகையில் இந்த ஓட்டம் கடத்தும் நன்னீரின் அளவை. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் மாதிரியின் பெரிய உதவி.

சிக்கல் தரவில் இருக்கிறது. 2023 ஆய்வு ஓட்டத்தை நேரடியாக அளந்ததல்ல, 1870 முதலான கடல் மேற்பரப்பு வெப்பநிலையை அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டது. பழைய கப்பல் அளவீடுகளில் இடைவெளியும் பிழையும் அதிகம்; பிற்காலத்தில் பிழை குறைந்தாலே கடலின் நினைவு கூடியதுபோலப் பொய்த்தோற்றம் வரலாம். வேறு தரவைப் போட்டால் தேதி எங்கேயோ போய்விடும்.

வடக்கே 26.5 டிகிரி அட்சரேகையில் ஓட்டத்தின் தொடர்ச்சியான நேரடி அளவீடு தொடங்கியதே 2004-ல்தான். மெல்ல மாறுகிற நினைவைக் கணிக்கப் பல பத்தாண்டுகளின் அறுபடாத பதிவு வேண்டும். அதற்குக் கப்பல் அனுப்பி, ஆழ்கடல் கருவிகளை மேலே இழுத்து, தரவை எடுத்துக்கொண்டு, மறுபடி இறக்க வேண்டும், தவணை தவறாமல். தலைப்புச் செய்தியாகாத வேலை, அதனாலேயே நிதி கொடுப்பவர்களுக்கு இதைவிடப் புதுத் திட்டங்கள்தான் பிடிக்கின்றன என்பது என் குறை. ஒரு புதுச் சூப்பர் கணினியைத் தள்ளிப்போட்டால் அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம், அளக்காமல் விட்ட ஆண்டின் கடலை எங்கே போய் வாங்குவது?