புத்தகம் பார்த்து எழுதுகிற தேர்வுதானே என்று சொல்லாதீர்கள்

போன வாரம் என் ஜூனியர் ஒருவர் முகம் வாடிப்போய் வந்து நின்றார். சட்டம் படித்தவர்கள் வக்கீல் தொழிலைத் தொடரத் தேர்ச்சி பெற வேண்டிய அகில இந்திய பார் தேர்வில் இரண்டாவது முறையும் தோல்வி. வக்கீலாகத் தற்காலிகப் பதிவு பெற்று இரண்டு ஆண்டு முடிய இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. அதன்பிறகு தேர்ச்சி பெறும்வரை அவர் எந்த நீதிமன்றத்திலும் ஆஜராக முடியாது, வக்காலத்துப் போட முடியாது. கட்சிக்காரர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, பிராதுக்குத் தேவையானதை மட்டும் குறித்துக்கொண்டு வருகிற பையன். இரண்டு ஆண்டில் இப்படி என் முன் வந்து நின்றவர்களில் இவர் ஐந்தாவது ஆள்.

"எப்படிப்பா படிச்ச?" என்று கேட்டேன்.

"பேர் ஆக்ட் கொண்டுபோகலாம்னு காலேஜ்ல சொன்னாங்க சார். பார்த்து எழுதிக்கலாம்னு விட்டுட்டேன்."

பேர் ஆக்ட் என்றால் விளக்கம் எதுவும் இல்லாத மூலச் சட்டப் புத்தகம். ஐந்து பேரும் இதையேதான் சொன்னார்கள். சட்டக் கல்லூரி வாசலிலும் நீதிமன்ற வளாகத்து டீக்கடையிலும் சீனியர்களே இதைச் சொல்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தேர்வில் 100 கேள்விகள், நேரம் மூன்றரை மணி, அதாவது 210 நிமிடம். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். கேள்வியைப் படித்து, எந்தச் சட்டம் என்று யோசித்து, புத்தகத்தை எடுத்து, பிரிவைத் தேடி, நான்கு விடைகளோடு ஒப்பிட நான்கு நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். மணி அடிக்கும்போது 52 கேள்விதான் பார்த்திருப்பீர்கள். பொதுப் பிரிவினருக்கும் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 45 மதிப்பெண் வேண்டும்; பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 40. பார்த்த 52-இல் எத்தனை சரியாக இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நேரமே நிறைய இருந்தாலும், தெரியாத சட்டத்தைப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. 'பத்திரமாக வைத்திரு' என்று நம்பிக் கொடுத்த நகையை ஒருவர் விற்றுவிட்டார், இது எந்தக் குற்றம்? படிக்காத மாணவர் நேராக ஏமாற்றுதல் என்ற தலைப்புக்குப் போய் பிஎன்எஸ் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 318-ஐக் குறித்துவிடுவார். நகை கைக்கு வந்தபோது ஏமாற்றும் எண்ணம் இல்லை, பிறகுதான் வந்தது என்றால் அது நம்பிக்கை மோசடி, பிரிவு 316. இந்த வித்தியாசத்தை வகுப்பிலோ நீதிமன்றத்திலோதான் கற்றுக்கொள்ள முடியும், புத்தகத்தின் பொருளடக்கத்தில் அது கிடைக்காது. கொண்டுபோக அனுமதி இருப்பதும் விளக்கமோ கைக்குறிப்போ இல்லாத மூலச் சட்டத்துக்கு மட்டும்தான்.

2024 ஜூலை 1-இல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபிறகும் பழைய கைடை வைத்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். '482 போடலாம்' என்றால் இத்தனை வருடமாக எங்களுக்கு அர்த்தம், வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனு. இப்போது அது பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 528. பிஎன்எஸ்எஸ் 482 என்பதோ முன்ஜாமீன். இருபது வருடம் தொழில் செய்தவர்களுக்கே நாக்கு பழைய எண்ணுக்குப் போகிறது. தயவுசெய்து அந்தக் கைடைத் தூக்கிப் போடுங்கள்.

அடுத்து கல்லூரிகள். அரசியல் சாசனம், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை மூன்றுக்கும் தலா 10 கேள்விகள். பிஎன்எஸ், சாட்சியச் சட்டம், குடும்பச் சட்டம், ஒப்பந்தமும் சொத்துரிமையும் சேர்ந்த பகுதி நான்குக்கும் தலா 8. மொத்தம் 62. எல்லாமே வகுப்பில் நடத்துகிற பாடங்கள்தான். புதிதாக எதையும் நடத்த வேண்டாம், மூலச் சட்டத்தைக் கையில் வைத்து நடத்தினால் போதும். நான் பேசப் போன ஒரு கல்லூரியில் இறுதியாண்டு வகுப்பில் சிவில் நடைமுறைச் சட்டப் புத்தகத்தை எத்தனை பேர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நான்கு கைகள்தான் உயர்ந்தன. மனம் கனத்துப்போனது.

இறுதி செமஸ்டர் மாணவர்களையும் தேர்வெழுத விடலாம் என்ற யோசனையை 2023 பிப்ரவரி 10-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ஏற்றது. தேர்வை நடத்த பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். மாணவர் வகுப்பில் இருக்கும்போதே எழுதலாம் என்றபிறகு, 'அது வெளியே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியது' என்று எந்தக் கல்லூரியும் ஒதுங்க முடியாது. மாதம் ஒரு சனிக்கிழமை, 210 நிமிடம், மூலச் சட்டத்தோடு ஒரு மாதிரித் தேர்வு வையுங்கள். மறுநாள் தவறான விடைகளை மட்டும் எடுத்துப் பேசுங்கள். இதற்குப் பெரிய செலவு கிடையாது.

இன்டர்ன்ஷிப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் என்பது 2008-ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதி. ஒரு நாள்கூட வராமல் சான்றிதழில் கையெழுத்துக் கேட்டு என் சேம்பருக்கு வருகிறவர்கள் உண்டு. பெற்றோரே கூட வந்து கேட்கிறார்கள். நான் போடுவதில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 39-இல் தடையாணை மனு ஒன்றைத் தட்டச்சு செய்து தாக்கல் செய்யக் கூடவே போய்வந்த மாணவருக்கு அந்தக் கேள்வி வந்தால் புத்தகம் தேவைப்படாது.

பதிவு செய்தவர்களே, முதலில் தேதியைப் பாருங்கள். வரிசையாக மூன்று தேர்வுகள் நடந்தது 2023 டிசம்பர் 10, 2024 டிசம்பர் 22, 2025 நவம்பர் 30 ஆகிய நாட்களில். அதாவது இரண்டு ஆண்டு அவகாசம் என்பது கைக்கு வரும்போது இரண்டு வாய்ப்பாகச் சுருங்கிவிடலாம். முதல் வாய்ப்பை 'சும்மா எழுதிப் பார்க்க' என்று வீணாக்காதீர்கள். ஒரே பதிப்பு மூலச் சட்டத்தையே கடைசிவரை வைத்துப் படியுங்கள், எந்தப் பிரிவு எந்தப் பக்கம் என்று கை பழகட்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது, அதனால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள்.

அந்த ஜூனியரை சேம்பருக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வழக்குக் கட்டு எடுத்து வைக்கட்டும், வரைவு எழுதட்டும், மாலையில் ஒரு மணி நேரம் என் முன்னால் உட்கார்ந்து படிக்கட்டும். கெடு முடிகிற நாளிலிருந்து வக்காலத்தில் மட்டும் அவர் பெயர் இருக்காது.