கூரை திருப்பித் தரும் கூச்சல்

விளையாட்டு அரங்குகளின் ஒலியமைப்பைச் சோதிப்பது என் வேலை. காலி அரங்கில் மைதானத்தின் நடுவே நின்று பலமாக ஒரு கைதட்டல் தட்டுவேன். 85 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டு அரை விநாடியில் ‘டப்’ என்று திரும்பி வரும். கூட்டம் நிறைந்தால் அந்த இடம் எப்படி இரையும் என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

"கத்துவது கூட்டம். கட்டடத்துக்கு என்ன வேலை?" என்பார்கள். நிறையவே இருக்கிறது. சுற்றிலும் ஓடுதளம் இருந்தால் ரசிகர்கள் தள்ளி உட்கார வேண்டியிருக்கும். கூச்சல் ஆட்டக்காரர்களை எட்டுவதற்குள் சோர்ந்துவிடும். வரிசைகள் செங்குத்தாக, மூலைகள் அடைபட்டு, உலோகக் கூரை உள்நோக்கி நீண்டிருந்தால், வானத்துக்குப் போக வேண்டிய சத்தம் நம் தலையிலேயே விழும். சியாட்டில் நகரின் அமெரிக்கக் கால்பந்து அரங்கில் ஏறத்தாழ 70 விழுக்காடு இருக்கைகள் கூரையடியில் இருக்கின்றன. 2013இல் அங்கே 137.6 டெசிபல் பதிவானது. மறு ஆண்டே கான்சஸ் சிட்டியின் ஆரோஹெட் அரங்கம் 142.2 எட்டி அதை முந்தியது. வேடிக்கை என்னவென்றால், ஆரோஹெட்டில் கூரையே கிடையாது. ரசிகர்களை நெருக்கி உட்காரவைக்கும் கிண்ண வடிவமே போதுமாக இருந்தது.

இவை கணநேர உச்சங்கள்தான். ஆனால் 100 டெசிபலில் 15 நிமிடம் இருந்தாலே காதுக்குப் பாதுகாப்பான அன்றைய அளவு முடிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் காதடைப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்குக் காதுமூடி கட்டாயம். கூரைக்கு ஒட்டிய கடைசி வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

எனக்கு இதைவிடக் கவலை அவசர அறிவிப்புகள்தான். ஓர் அரங்கில் ஆள் இல்லாத நாளில் ஒலிபெருக்கியைச் சோதித்து "தெளிவு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். ஆட்ட நாளில் மேல்தட்டில் நின்று கேட்டேன். ‘வாயில்’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது, எந்த வாயில் என்ற எண் விழவில்லை. ஒலியைக் கூட்டிப் பார்த்தார்கள். எதிரொலியும் சேர்ந்து கூடியதுதான் மிச்சம். அப்புறம், தூரத்தில் இருந்த இரண்டு பெரிய பெட்டிகளை நிறுத்திவிட்டு, கூரை விளிம்பு நெடுகச் சிறியவற்றை இருக்கைகளைப் பார்த்து மாட்டினோம். எதிரொலியை உறிஞ்ச, கூரையின் அடிப்பக்கத்தில் துளையிட்ட தகடும் அதன் பின்னால் கனிமக் கம்பளியும் வைத்தோம். அடுத்த ஆட்டத்தில் மேல்தட்டில் அதே இடத்தில் போய் நின்றேன். வாயில் எண் கேட்டது. கூச்சலும் குறைந்ததாகத் தெரியவில்லை.