டயல்-அப்: வட்டு மறைந்தும் மறையாத சொல்

மதுரைப் பசுமலையில் உள்ள எங்கள் வீட்டுப் பரணிலிருந்து, விண்டோஸ் 98 நிறுவிய பழைய கணினியை இறக்கித் தூசு தட்டி இயக்கினேன். ‘மை கம்ப்யூட்டர்’ சாளரத்திற்குள் ‘டயல்-அப் நெட்வொர்க்கிங்’ என்ற கோப்புறை இருந்தது. தொலைபேசிக் கம்பியில் ஓர் எண்ணை அழைத்து இணையத்தில் சேரும் பழைய முறைதான் டயல்-அப். உடனிருந்த தங்கை மகன் அதைப் படித்துவிட்டு, “இதில் டயல் எங்கே இருக்கிறது மாமா?” என்று கேட்டான். கைக்கடிகாரத்தின் முகத்தைத் தவிர வேறு டயலை அவன் கண்டதில்லை. டவுன்ஹால் ரோட்டுக் கடையில் ‘வெள்ளை டயல் வாட்ச்’ வேண்டும் என்று கேட்டு வாங்கியவன் அவன். தொலைபேசிக்கும் கணினிக்கும் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அச்சொல்லுக்கு இருந்த பொருளைத்தான், தான் அறியாமலே, அவன் பிடித்திருந்தான்.

நாளைக் குறிக்கும் ‘டியேஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழியில், ‘நாளுக்குரியது’ என்ற பொருளில் பிறந்தது ‘டியாலிஸ்’. அதிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்ததே ‘டயல்’. வெயிலில் விழும் நிழலைக் கொண்டு பொழுதைக் காட்டும் சூரியக் கடிகாரத்தின் தட்டு முதலில் அப்பெயர் பெற்றது. பின்னர் எந்திரக் கடிகாரத்தின் எண் பொறித்த முகம் பெற்றது. எண்களை வட்டமாக எழுதிய வேறு கருவித் தட்டுகளும் அதன்பின் சேர்ந்துகொண்டன. ஆண்டுதோறும் முன்னோர்க்குக் கொடுக்கும் சடங்கை நாம் ‘திவசம்’ என்கிறோமே, அந்த வடசொல்லுக்கும் நாள் என்பதுதான் பொருள். அதுவும் ‘டியேஸ்’ என்பதும் ஒரே வேரில் கிளைத்தவை. டயலுக்கும் திவசத்திற்கும் உறவு உண்டென்றால் நம்புவது கடினம், ஆனால் உண்மை.

தொலைபேசிக்கு டயல் வந்த கதை அமெரிக்காவில் நடந்தது. கன்சாஸ் நகரில் ஈமக்கிரியைத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர், இணைப்பகத்தில் அமர்ந்து இணைப்புக் கொடுக்கும் ஆள், தன்னைத் தேடிவரும் அழைப்புகளைப் போட்டியாளருக்குத் திருப்பிவிடுவதாக ஐயப்பட்டு, ஆள் இல்லாமலே இயங்கும் இணைப்பகத்தைக் கண்டுபிடித்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. கதை எப்படியாயினும், அவர் 1891-இல் காப்புரிமை பெற்றதும், 1892-இல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அத்தகைய இணைப்பகம் இயங்கத் தொடங்கியதும் வரலாறு. அப்போது எண்ணைப் பொத்தான்களை அழுத்தித்தான் அனுப்பினார்கள். சுழற்றும் வட்டு 1896-இல்தான் வந்தது. எண்கள் வட்டமாக நின்றதால் கடிகாரத்தின் பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது.

அந்த வட்டு செய்த வேலையைப் புரிந்துகொண்டால்தான் கணினியில் அச்சொல் ஏன் நுழைந்தது என்பது விளங்கும். விரலால் சுழற்றிவிட்ட வட்டு தன் இடத்திற்குத் திரும்பும்போது, கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை எண்ணுக்கேற்ற தடவை வெட்டி வெட்டி விடும். நான்குக்கு நான்கு வெட்டு, ஐந்துக்கு ஐந்து, சுழிக்குப் பத்து. நொடிக்கு ஏறத்தாழ பத்து வெட்டு. மதுரையின் 0452 என்ற குறியெண்ணை மட்டும் சுழற்றினாலே 21 வெட்டுகள் ஆகும். 1963-இல் அமெரிக்காவில் பொத்தான் தொலைபேசி விற்பனைக்கு வந்தபோது, ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு ஒலியதிர்வுகளைச் சேர்த்து அனுப்பும் முறை வந்தது. ஒன்றாம் எண்ணை அழுத்தினால் 697, 1209 ஹெர்ட்ஸ் அளவுள்ள இரு ஒலிகள் ஒன்றாகச் செல்லும். வட்டு ஒழிந்தது. ஆனால் அதன் பெயரில் பிறந்த வினைச்சொல் ஒழியவில்லை. பொத்தானை அழுத்துவதையும் ‘டயல் செய்தல்’ என்றே உலகம் சொல்லிற்று.

கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு சேர்க்கும் கருவியான மோடத்திற்குப் பொத்தான்கூடக் கிடையாது. 1981-இல் வந்த ஹேய்ஸ் நிறுவனத்தின் மோடத்திலிருந்து பரவிய கட்டளை முறையில், ‘ஏடிடிடி’ (ATDT) என்று தட்டச்சிட்டு எண்ணைக் கொடுத்தால் ஒலிமுறையிலும், ‘ஏடிடிபி’ (ATDP) என்று கொடுத்தால் வெட்டுமுறையிலும் மோடம் தானே அழைக்கும். முதல் இரண்டெழுத்து மோடத்தை விழிக்கச் செய்வது. மூன்றாவதாக நிற்கும் ‘டி’தான் (D) டயல். விண்டோஸ் 98-இல் இணைப்பை அமைக்கும்போது ‘டோன்’, ‘பல்ஸ்’ என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இந்த வேறுபாட்டையே.

‘அப்’ என்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆங்கிலத்தில் வினையோடு ஒட்டி முழுமையை உணர்த்தும் இடைச்சொல் அது. அதை ‘மேல்’ என்று தமிழாக்க முனைவது வீண்வேலை.

மதுரைப் பக்கத்து வீடுகளில் இந்தச் சொல் சிக்கலாகவே அறிமுகமாயிற்று. 1995 ஆகஸ்டு 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையச் சேவையை இந்தியாவில் தொடங்கியது. பிறகு சிறு நகரங்களுக்கும் சேவை பரவியபோது, 172 என்று தொடங்கும் எண்ணை அழைத்தால் போதும் என்ற ஏற்பாடு வந்தது. எண் எளிதுதான், கணினி அதை அப்படியே அழைக்க விடாது என்பதுதான் தொல்லை. ஊர்க் குறியெண்ணைச் சேர்த்து அழைக்குமாறு சொல்லும் சிறு சதுரக் கட்டத்தில் முன்கூட்டியே ‘டிக்’ இட்டிருக்கும். அதை நீக்க மறந்து, இருக்கும் ஊரின் எண்ணையும் சரியாகக் குறிக்காவிட்டால், உள்ளூர் எண்ணுக்கு எஸ்.டி.டி. எனும் வெளியூர் அழைப்பைப் போல முன்னெண்கள் சேர்ந்து, அழைப்பு எங்கும் போய்ச் சேராது. இன்னொரு கட்டம், ‘டயல் டோன் வரும்வரை காத்திரு’ என்பது. எண்ணை அழைப்பதற்கு முன் கம்பியில் கேட்கும் ஒலிதான் டயல் டோன். இந்தியத் தொலைபேசியின் டோன் அமெரிக்க டோனிலிருந்து வேறுபட்டது. ஆகவே சில மோடங்கள் கம்பியில் டோன் இருந்தும் இல்லையென்று சாதிக்கும். அந்தக் கட்டத்தின் குறியை நீக்கினால் ஒழுங்காக அழைக்கும். நான் இதை அறிந்துகொள்வதற்குள், குற்றமற்ற தொலைபேசி வயரை மூன்று முறை மாற்றியிருந்தேன்.

இனி, இதற்குத் தமிழ் என்ன? ‘சுழற்று’ என்ற வினை எழுத்துத் தமிழில் டயலுக்கு ஈடாக வழங்கியதுண்டு. ஆனால் ‘சுழற்று இணைப்பு’ என்றால், ஒழிந்துபோன வட்டைத் தமிழிலும் கொண்டுவந்து வைத்தவர்களாவோம். ஆங்கிலத்திற்காவது அது தவிர்க்க முடியாத பழைய கடன், நமக்கு அந்தக் கடனில்லை. ‘தொலைபேசிவழி இணைப்பு’ என்பது ஓசைக்கு நன்றாக இருந்தாலும் பொருளில் தவறுகிறது. 2005-இல் பி.எஸ்.என்.எல். கொண்டுவந்த பிராட்பேண்ட் இணைப்பும் அதே தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வீட்டிற்குள் வந்தது. குரலுக்குரிய அலைவெண்களுக்கு மேலே உள்ள அலைவெண்களில் அது தரவை அனுப்பியதால், இணையம் ஓடும்போதே யாருடனும் பேசவும் முடிந்தது. டயல்-அப்போ குரலுக்குரிய இடத்தையே பிடித்துக்கொண்டு, மற்றவர் வீட்டிற்கு அழைத்தால் ‘எங்கேஜ்டு’ ஒலியைக் கேட்க வைத்தது. இரண்டிற்கும் கம்பி பொது. அழைப்பு டயல்-அப்பிற்கு மட்டுமே உரியது. ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணை அழைத்து, மறுமுனை எடுத்து, அழைப்பு நீடிக்கும்வரை மட்டுமே நிலைக்கும் இணைப்பு என்பதே இதன் இலக்கணம். எனவே ‘அழைப்புவழி இணைப்பு’ என்பதே பொருந்தும் சொல். ‘அழைப்பிணைப்பு’ என்று புணர்த்திச் சுருக்கலாம். எனினும் பலரைச் சேர்த்துப் பேசும் குழு அழைப்பு என்று மயங்க இடமுண்டு என்பதால், நீளமானதையே நான் விரும்புகிறேன். டயல் என்ற பொருளுக்கு ஒரே சொல்லைத் தேட வேண்டியதில்லை: தொலைபேசியில் ‘எண்வட்டு’, கடிகாரத்தில் ‘எண்முகம்’, வினையாக வருமிடத்தில் ‘அழை’. இணைப்பகம் எண்ணை ஏற்க ஆயத்தமாக இருப்பதை அறிவிக்கும் டயல் டோனை ‘ஆயத்த ஒலி’ எனலாம்.

இந்தச் சொற்களை யாரும் ஆக்கித்தரும்வரை பேச்சுத் தமிழ் காத்திருக்கவில்லை. வட்டு இருந்தபோதும் பொத்தான் வந்தபோதும் எங்கள் ஊரில் ‘ஒரு போன் போடு’ என்றார்கள். கணினி வந்ததும் ‘நெட்டைப் போடு’ என்றார்கள். கருவியின் உருவம் எதையும் சுமக்காத ‘போடு’, கருவி மாறும்போதெல்லாம் தானும் மாற வேண்டிய தேவையின்றி நின்றது. கலைச்சொல்லுக்கு அது போதாது என்பது வேறு செய்தி.

தங்கை மகனுக்காக அந்தக் கோப்புறையில் இருந்த பழைய இணைப்பைத் திறந்து ‘கனெக்ட்’ பொத்தானை அழுத்தினேன். மோடம் ஒரு சொடுக்கு ஒலி எழுப்பியது. சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு 680 என்ற பிழையெண்ணோடு, டயல் டோன் இல்லை என்று திரையில் செய்தி வந்தது. இம்முறை மோடம் பொய் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா கேட்டார்: “லேண்ட்லைனத்தான் ஒப்படைச்சு வருசக்கணக்காச்சே, அதுல யாருக்குப்பா போன் போடுற?”