பழைய நாஸ் பெட்டி திறக்கவில்லையா? ரீசெட் பட்டனிலிருந்து கையை எடுங்கள்

ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, குடும்பப் புகைப்படங்கள், வேலைக் கோப்புகள் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கும் அந்த நாஸ் (நெட்வொர்க் வழியாகத் திறக்கும் சேமிப்பு) பெட்டி போன வாரம் வரை திறந்தது, இன்று திறக்கவில்லை என்று வருபவர்களிடம் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டால், "பெட்டியைத் தொடவே இல்லையே" என்பார்கள். பல நேரம் கோளாறே அதுதான். பெட்டி பத்து வருடத்துக்கு முந்தைய மென்பொருளோடு அப்படியே நிற்கிறது, அதோடு பேச வேண்டிய கம்ப்யூட்டர் மட்டும் மாதாமாதம் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது.

பழைய பெட்டிகள் பல எஸ்எம்பி 1 என்ற முறையில்தான் கோப்புகளைப் பகிரும். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது இந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை ஓரங்கட்டத் தொடங்கியது. சில பதிப்புகளில் அது இருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் ஓடிய நேரத்தில் மொத்தம் 15 நாள் யாரும் அதைப் பயன்படுத்தாவிட்டால் விண்டோஸ் தானே நீக்கிவிடும். கொஞ்ச நாள் பெட்டியை அணைத்து வைத்துவிட்டு மறுபடி போட்டால் காணோம் என்பவர்களில் சிலருடைய கதை இதுதான். அப்புறம் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, புரோ போன்ற பதிப்புகளில் எஸ்எம்பி இணைப்புக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமானது, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவும் நின்றது. வீட்டில் யார் பாஸ்வேர்டு போடப்போகிறார்கள் என்று எல்லாவற்றையும் கெஸ்ட்டில் திறந்து வைத்திருந்தவர்கள் அன்று மாட்டினார்கள்.

ஆனால் நேராக இங்கே குதிக்காதீர்கள், கீழிருந்து வாருங்கள். கேபிள் செருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் கேபிளையும் ரவுட்டரின் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். இணைப்பு கிடைத்தும் ஆமை வேகம் என்றாலும் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் கிகாபிட் வேகத்துக்கு உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், ஒன்று போனால் இரண்டே ஜோடியில் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி ஓடும். அடுத்து பிரவுசரில் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைத் திறந்து பெட்டிக்கு இப்போது என்ன ஐபி (நெட்வொர்க் முகவரி) என்று பாருங்கள். ரவுட்டர் மாற்றியிருந்தால் முகவரி மாறியிருக்கும், உங்கள் ஷார்ட்கட் இன்னும் பழைய முகவரியைத் தட்டிக்கொண்டிருக்கும். புது ஐபியை பிங் செய்து, அதாவது கமாண்ட் பிராம்ப்ட்டில் ping என்று அடித்து அந்த ஐபியையும் சேர்த்துப் பார்த்து, பதில் வந்தால், விண்டோஸின் நெட்வொர்க் பட்டியலில் பெட்டி தெரிகிறதா என்பதை மறந்துவிடுங்கள், அந்தப் பட்டியலின் பழைய முறையே எஸ்எம்பி 1-ஐ நம்பியிருந்த ஒன்று. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு ஐபியை நேரடியாக அடியுங்கள். பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் உள்ளே விடவில்லை என்றால் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்திருக்கும் பழைய பாஸ்வேர்டை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

பிங் வருகிறது, கோப்பு மட்டும் திறக்கவில்லை என்றால்தான் முன்னே சொன்ன எஸ்எம்பி விவகாரம். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் எஸ்எம்பி 2-ஐ இயக்கும் வசதி ஒளிந்திருக்கலாம், தேடிப் பாருங்கள். கெஸ்ட்டுக்குப் பதிலாக யூசர்நேம், பாஸ்வேர்டு உருவாக்குங்கள். நிர்வாகப் பக்கமே திறக்கவில்லையா? 2020 வாக்கில் பிரவுசர்கள் எச்டிடிபிஎஸ் இணைப்பின் பழைய பாதுகாப்பு முறைகளான டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் கைவிட்டதுகூடக் காரணமாக இருக்கலாம், வீட்டுக்குள் இருந்தபடி எச்டிடிபிஎஸ் இல்லாமல் வெறும் எச்டிடிபியில் முயன்று பாருங்கள். எதுவுமே சரிவரவில்லை என்றால் எஸ்எம்பி 1-ஐ ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இயக்கி, கோப்புகளை எல்லாம் வெளியே எடுத்து, உடனே அணைத்துவிடுங்கள். வீட்டிலுள்ள எல்லா கம்ப்யூட்டரிலும் நிரந்தரமாக அதை இயக்கச் சொல்லும் ஆலோசனையை நான் ஒருபோதும் தரமாட்டேன்.

விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது, பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் நெட்வொர்க்கைக் குடைவது வீண். முதலில் பவர் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில்தான் அதிக மின்சாரம் இழுக்கும், வயதான அடாப்டர் அங்கேதான் தடுமாறும். மாற்று அடாப்டருக்கு வோல்ட்டேஜும் பிளக்கின் துருவமும் அச்சாக ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை.

இணைப்பு கிடைத்து, ஒரு ஃபோல்டர் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகி, நடுவில் அறுந்து போகிறதா? அது டிஸ்க்காக இருக்கலாம். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அறிக்கையில், கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 5, 197, 198 எண்களுக்கு நேரே கச்சா மதிப்பு (raw value) பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரிப்பேர் பட்டனை அழுத்தாதீர்கள், முக்கியமான கோப்புகளை முதலில் நகலெடுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு தரவு மீட்பவரிடம் கொடுங்கள். நீங்களே டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸில் செருகினால் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும், உள்ளே இருப்பது பெரும்பாலும் லினக்ஸ் கோப்பு முறை, விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில், படிக்க மட்டும் திறக்கும் முறையில் பாருங்கள். இரண்டு மூன்று டிஸ்க் இருந்தால் கழற்றும் முன் எது எந்த இடத்தில் இருந்தது என்று ஒட்டி எழுதி வையுங்கள். ரீசெட் பட்டன் சில மாடல்களில் பாஸ்வேர்டை மட்டும் மாற்றும், சிலவற்றில் அதற்கு மேலும் செய்யும், கையேட்டைப் பார்க்காமல் அழுத்த வேண்டாம்.

இன்னொன்று, யாரும் கேட்காவிட்டாலும் நான் பார்ப்பது. 2015-க்குப் பிறகு அப்டேட் நின்றுபோன டபிள்யூடி மை புக் லைவ் பெட்டிகள் ஏராளமானவற்றில், 2021 ஜூனில் இணையம் வழியாக நுழைந்த யாரோ மொத்தக் கோப்புகளையும் அழித்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி காலி. உங்கள் பெட்டிக்கும் அப்டேட் நின்று வருடங்கள் ஆகியிருந்தால், அதன் ரிமோட் ஆக்சஸை நிறுத்துங்கள், ரவுட்டரில் அதற்கென்று திறந்து வைத்த போர்ட்டுகளை மூடுங்கள், சாதனங்கள் தாமே போர்ட் திறக்க விடும் யூபிஎன்பியையும் ரவுட்டரில் அணையுங்கள். வெளியூரிலிருந்து கோப்பு பார்க்க முடியாமல் போகும்தான், போகட்டும்.