கார் ஏசி ஃபில்டரைத் தட்டிப் போடலாமா?

இரண்டு கோடைக்கு முன்னால் என் காரில் ஏசி காற்று மெலிந்துபோனது. புளோயரை நான்கில் வைத்தாலும் இரண்டில் வருகிற அளவுக்குத்தான் வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "கேஸ் இறங்கிருச்சு சார், ஃபில் பண்ணிரலாம்" என்றார்கள். காசு கொடுத்து நிரப்பியும் காற்று அப்படியேதான் இருந்தது. அடுத்த வாரம் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இடப்பக்க டேஷ்போர்டில் இருக்கும் குளோவ் பாக்ஸை இறக்கிவிட்டு, அதன் பின்னாலிருந்து நோட்டுப் புத்தக அளவில் ஒரு சட்டத்தை உருவினார். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய மடிப்புகளில் சாம்பல் நிறத் தூசி அப்பியிருந்தது. நடுவே வேப்பம்பூவும் காய்ந்த இலைத் துணுக்குகளும். புது ஃபில்டர் போட்டதும் காற்று பழையபடி வந்துவிட்டது.

அவர் அன்று சொல்லித் தந்த வித்தியாசத்தைக் கார் வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்கலாம். காற்று பலமாக வந்தும் குளிரவில்லை என்றால் கேஸ், கம்ப்ரஸர் என்று பார்க்க வேண்டும். காற்று குளிர்ந்தும் அளவு குறைந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டர். கேஸின் வேலை குளிரூட்டுவதுதான், காற்றைத் தள்ளுவது புளோயர். ஃபில்டர் ரொம்பவே அடைத்துக்கொண்டால் இன்னொன்றும் நடக்கலாம். கூலிங் காயில் மேல் போதுமான காற்று படாமல், அதில் படியும் நீர் பனிக்கட்டியாக உறைந்து, இருந்த கொஞ்சக் காற்றும் நின்றுபோகும்.

காரில் காற்றை வடிகட்ட இரண்டு ஃபில்டர்கள் உண்டு. பானெட்டுக்குள் இருப்பது இன்ஜினுக்கு. நாம் பேசுவது உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் நுரையீரலுக்கானது. கேபின் ஃபில்டர், ஏசி ஃபில்டர் என்று சொல்வதெல்லாம் இதைத்தான். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில் உள்ள கறுப்பு பிளாஸ்டிக் கிரில் வழியாக வெளிக்காற்று நுழைந்து, ஃபில்டர், புளோயர், கூலிங் காயில் என்று கடந்து நம் முகத்துக்கு வருகிறது. சில கார்களின் விலை குறைந்த மாடல்களில் ஃபில்டர் வைக்க இடம் இருக்கும், ஃபில்டர் இருக்காது. உங்கள் காரில் இருக்கிறதா என்று ஒருமுறை திறந்தே பார்த்துவிடுங்கள்.

தூசியை இது எப்படிப் பிடிக்கிறது? மாவுச் சல்லடை மாதிரி, ஓட்டையைவிடப் பெரியது நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் நுரையீரலின் ஆழம் வரை போகும் துகள்கள் 2.5 மைக்ரானுக்கும் கீழே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனே சுமார் 50 முதல் 70 மைக்ரான். அவ்வளவு சின்னத் துகளை நிறுத்தும்படி ஓட்டை வைத்தால் காற்றும் சேர்ந்து நின்றுவிடும். உண்மையில் ஃபில்டரின் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகள், அது பிடிக்கும் துகள்களைவிடப் பல மடங்கு பெரியவை.

காற்று ஒவ்வொரு இழையையும் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. மாட வீதி முக்கில் தேரைத் திருப்புவதற்கு எவ்வளவு முட்டுக்கட்டை வேண்டியிருக்கிறது! அதே முக்கில் சைக்கிள் சட்டென்று வளைந்துவிடும். மகரந்தம், சாலைப் புழுதி போன்ற பெரிய துகள்கள் அந்தத் தேர் மாதிரி. காற்றோடு சேர்ந்து திரும்ப முடியாமல் நேராகப் போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். டீசல் புகையில் வரும் 0.1 மைக்ரானுக்கும் சின்னத் துகள்களின் கதை வேறு. காற்று மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடிப்பதால் அவை ஓரிடத்தில் நிற்காமல் தள்ளாடிக்கொண்டே போகும். அந்தத் தள்ளாட்டத்திலேயே ஏதாவது ஓர் இழையில் பட்டுவிடும். ஆக, பெரியதும் மாட்டும், மிகச் சின்னதும் மாட்டும். நழுவுவது நடுவில் இருப்பதுதான். சுமார் 0.3 மைக்ரான் துகள் மோதும் அளவுக்குக் கனமும் இல்லை, தள்ளாடும் அளவுக்கு லேசும் இல்லை. நல்ல ஃபில்டர்களை அந்த அளவில் சோதித்துப் பார்ப்பது அதனால்தான்.

அந்த நழுவலைத் தடுக்க இழைகளுக்கு நிலைமின்னேற்றம் கொடுக்கிறார்கள். காய்ந்த தலையைச் சீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பது போல, மின்னேறிய இழை பக்கத்தில் போகும் துகளைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். என்95 முகக்கவசத்திலும் இதே உத்திதான். உருக்கி ஊதிய பிளாஸ்டிக் இழைகளுக்கு மின்னேற்றும் ஒரு முறையை அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பீட்டர் சாய் 1990-களில் உருவாக்கினார். கொரோனா காலத்தில் அந்த முகக்கவசத்தைச் சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னது நினைவிருக்கும். துவைத்தால் துணி கிழியாது, மின்னேற்றம் போய்விடும்.

அதனால்தான் ஏசி ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போடுவது எனக்கு மனசு ஒப்பாத வேலை. கம்ப்ரஸர் காற்றைப் பக்கத்தில் வைத்து அடிப்பதும் அப்படியே. கண்ணுக்குத் தெரியும் மண் பறந்துவிடும், ஃபில்டர் வெளுத்தது போலவும் இருக்கும். ஆனால் இழைக்குள் ஒட்டிய நுண்துகள் வராது. அடிக்கிற வேகத்தில் இழைகள் விலகி, மடிப்பின் ஓரத்துப் பசையும் விட்டுவிடலாம். அப்புறம் காற்று அந்தச் சந்து வழியாகத்தான் போகும். இலை, பூ, பூச்சியை மெதுவாகத் தட்டிக் கொட்டலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஏன் இத்தனை மடிப்பு என்றும் கேட்கலாம். 20 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தின் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். அதற்குள் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் 20 மடிப்பு வைத்தால் துணியின் பரப்பு 2,400. ஆறு மடங்கு! பரப்பு கூடினால் துணிக்குள் காற்று மெதுவாகப் போகும், சின்னத் துகள்கள் தள்ளாடி ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும், புளோயருக்கும் சிரமம் குறையும்.

கறுப்பாக இருக்கும் கார்பன் ஃபில்டர் இன்னொரு வேலையும் செய்கிறது. சாதாரண ஃபில்டர் வாடையைத் தடுக்காது, வாடை என்பது தனித்தனி மூலக்கூறு. அதற்குத்தான் கிளர்வூட்டிய கரி. நம் கொட்டாங்குச்சியிலிருந்து செய்வது அதில் பேர்போனது. கோவை, காங்கேயம் பக்கத்திலும் இலங்கையிலும் அது பெரிய தொழில். கொட்டாங்குச்சியைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு அதிக வெப்பத்தில் நீராவி செலுத்தினால் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் திறக்கும். அப்படிச் செய்த ஒரு கிராம் கரியின் உட்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர். பெட்ரோல் ஆவியும் டீசல் வாடையும் அந்தத் துளைகளில் தங்கிவிடுகின்றன. துளைகள் நிரம்பியதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கறுப்பு கறுப்பாகவே இருக்கும். மூக்கும் நாட்காட்டியும்தான் துணை.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: இன்ஜின் புகையில் வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடை எந்த ஏசி ஃபில்டரும் பிடிக்காது. கரியிலும் அது தங்காது, அதற்கு வாடையும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு, இன்ஜின் ஓட ஏசி போட்டுத் தூங்குகிறவர்களை எந்த ஃபில்டரும் காப்பாற்றாது.

கார்பன் டை ஆக்சைடும் அப்படித்தான். உள்காற்றையே சுழற்றும் ரீசர்குலேஷன் பட்டனைப் போட்டால் தூசி வேகமாகக் குறையும். பெரும்பாலான கார்களில் அந்தக் காற்றும் ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. ஒருமுறை கடக்கும்போது பாதித் துகள் பிடிபட்டால், நான்கு முறையில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலோ, போகிப் புகை மூட்டத்திலோ இதுதான் சரி. ஆனால் நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. நாலைந்து பேர் இருக்கும் மூடிய காரில் அது மளமளவென்று ஏறும். தூக்கம் தள்ளும், தலை கனக்கும். கால் மணிக்கு ஒருமுறையாவது வெளிக்காற்றுக்கு மாற்றிவிடுவது என் பழக்கம்.

பல கார்களில் ஃபில்டரை மாற்றுவது பத்து நிமிட வேலை. குளோவ் பாக்ஸைக் காலிசெய்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே இறங்கும். சில கார்களில் ஓரத்தில் ஒரு கயிறோ தண்டோ இருக்கும், அதை முதலில் விடுவிக்க வேண்டும். பின்னால் தெரியும் மூடியின் கிளிப்பை எடுத்து, பழையதை மெல்ல உருவ வேண்டும், வேகமாக இழுத்தால் குப்பை புளோயருக்குள் விழும். புதியதில் காற்றோட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். பழையது எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துக்கொண்டு வைக்க வேண்டும். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் அப்படியே வைப்பர் பக்கத்துக் கிரிலையும் சுத்தம் செய்துவிடுங்கள். அங்கே குவியும் இலைதான் மழைநீர் வடியும் வழியை அடைக்கிறது. ஃபில்டரில் கடித்த தடமோ புழுக்கையோ தெரிந்தால் எலி உள்ளே வந்திருக்கிறது, ஒயர்களையும் பார்த்துவிட வேண்டும்.

காருக்கான கையேட்டில் மாற்றும் இடைவெளி இருக்கும். பொதுவாக வருடம் ஒருமுறை அல்லது 10,000 முதல் 20,000 கிலோமீட்டர் என்று சொல்வார்கள். நான் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஃபில்டரின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிவிடுகிறேன். போன தடவை எழுதியதைப் பார்த்தேன், 6,000 கிலோமீட்டரிலேயே கறுத்துவிட்டிருந்தது. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்த வருடம் அது.